விஷ்னியெவ்ஸ்கியாகப் போகிற என் மகனுக்கு

சாமு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "யோசிச்சி சொல்றேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்ப அடித்தாய், நான் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. வாயால் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ உடனே, "சரி வுடும்மா, வேணாம்" என்று சொல்லிவிடுவாய். அப்புறம் அது நான் சொன்ன பதிலாக இருக்காது, என் அழுகை வாங்கிய பதிலாக இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடம் போகும்போதுதான் வந்து சேரும்.

நீ கேட்டது எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று முதலில் பார்த்துக்கொள். போலந்தில் உங்கள் வார்சா ஊர்ப் பதிவு ஆபீசில் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள், இனிமேல் நீங்கள் இருவரும் எந்தக் குடும்பப் பேரில் இருக்கப் போகிறீர்கள், பிறக்கிற பிள்ளைக்கு எந்தப் பேர் என்று. மாக்தா தன் பேரை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேராக இருக்கட்டும் என்று உனக்கு ஆசை. அதனால் அவள் பேரை நீ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாய். இங்கிருந்து அப்பா பேரோடு சாமுவேல் ஏசுபாதம் என்று விமானம் ஏறியவன் இனிமேல் சாமுவேல் விஷ்னியெவ்ஸ்கி. "நைனா பேருமா அது. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா செய்யமாட்டேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஒரு வாரமாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன என்று நான் கேட்டபோது நீ பொறுமையாகச் சொன்னாய். விஷ்னியா என்றால் அங்கே புளிப்புச் செர்ரியாம். செர்ரி மரங்கள் இருந்த ஊர் விஷ்னியெவோ. அந்த ஊர்க்காரன் விஷ்னியெவ்ஸ்கி, பெண்ணாக இருந்தால் விஷ்னியெவ்ஸ்கா. செர்ரி என்றதும் எனக்குப் பஸ் ஸ்டாண்டு பேக்கரி கேக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டைதான் ஞாபகம் வந்தது. அது செர்ரியே இல்லை, களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது என்று சொல்லி என் ஆசையைக் கெடுத்தவனும் நீதான். பக்கத்து வீட்டு சுஜாதம்மாவிடம் சொன்னேன். "விஷ்ணுவா? மன ஸ்வாமி பேரே கதா", நம்ம சாமி பேர்தானே என்று சிரித்தாள். திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் வேறு எப்படிக் கேட்பாள். விளக்கிச் சொன்னதும், "ஓ, மாமிடிபல்லிவாள்ளு மாதிரி" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டாள். மாமரம் இருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மாமிடிபல்லி என்று இண்டி பேரு, அதாவது வீட்டுப் பேர், இருப்பதுபோல, செர்ரி மரம் இருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது. நீ அரை மணி நேரம் சொன்னதை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். தெலுங்குக்காரர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் இண்டி பேரு உண்டு, அதனால் அவளுக்கு இதில் அதிசயமே இல்லை. நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாது.

உன்னை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாள் உனக்கு நினைவிருக்காது. கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "இண்டி பேரு ஏமி?" என்றார். உன் நைனா, "எங்களுக்கு அப்டி ஒண்ணும் கெடையாது சார். வீட்டுக்கு நம்பர்தான் கீது" என்றார். கிளார்க் சிரிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனசு வரவில்லை. "மீ ஊரு ஏ ஊரு?" என்று கேட்டார். புத்தலப்பட்டு என்று இவர் சொன்னதும், "அயிதே அதே" என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நீ புத்தலப்பட்டு சாமுவேல். அந்த வாரம் முழுக்க உன் நைனா, "புத்தலப்பட்டு சாமுவேல்காரு, துன்ன வாங்க" என்று உன்னைக் கேலி செய்தார். புத்தலப்பட்டுக்கு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்த ஊரிலேயே இருக்கிற யாருக்கும் அந்தப் பேர் இல்லை. எனக்கும் அப்படித்தான். சத்தியவேட்டில் இருந்த வரைக்கும் நான் வெறும் பெண். சித்தூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த அன்றே சத்தியவேடு சிஸ்டர் ஆகிவிட்டேன்.

மாக்தாவின் அப்பாவும் இதைத்தான் சொன்னார் இல்லையா. வீடியோவில் அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. டிராம் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், கை இன்னும் ஹாண்டிலைப் பிடித்த மாதிரியே மேஜைமேல் இருந்தது. உன் நைனா இருந்திருந்தால் கண்டக்டரும் டிரைவருமாக, டிக்கெட் வாங்காமல் ஏமாற்றுகிறவர்களைப் பற்றியே பேசிப் பொழுதைக் கழித்திருப்பார்கள். அவர் சொன்னதை மாக்தா இங்கிலீஷில் சொன்னாள், நீ தமிழில் சொன்னாய். அவருடைய தாத்தாவுக்கே தங்கள் விஷ்னியெவோ எது என்று தெரியாதாம். அந்தப் பேரில் எத்தனையோ ஊர் இருக்கிறதாம். ஆதியில் ஊருக்குச் சொந்தக்காரப் பெரிய மனிதர்கள் வைத்துக்கொண்ட பேர், பிறகு ஊரைவிட்டு வெளியே வந்த சாதாரண ஜனங்களுக்கும் ஒட்டிக்கொண்டதாம். ஊரில் இருக்கிறவரைக்கும் யாருக்கும் ஊர்ப் பேர் தேவைப்படாது, கிளம்பி வந்தவனுக்குத்தான் வேண்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்தும் நீ கவனித்திருக்க மாட்டாய். உன் நைனாவின் பேரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எழுதியிருக்கிறேன். ரேஷன் கார்டிலிருந்து அவருடைய மருந்துச் சீட்டு வரைக்கும் எழுதியிருக்கிறேன். எழுதுவதற்குத் தடையில்லை, சொல்வதற்குத்தான். யாரும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை போடவில்லை. எங்கள் அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் எடுத்து எத்தனை தலைமுறை ஆனாலும் சிலது கூடவே வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவதே என் வேலை. ஓ.பி. வராண்டாவில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெலுங்குப் பேர், தமிழ்ப் பேர், உருதுப் பேர் என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால், "இன்னாங்க", "இதோ பாருங்க". அவர் என்னை, "சிஸ்டர், சோறு ரெடியா?" என்பார். பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஊரில் கண்டக்டர் சார். உனக்கு நைனா. உன் பெரியப்பாவுக்கு "சின்னவன்". யோசித்துப் பார்த்தால், அவ்வளவு அழகான பேரை வைத்துவிட்டு அதை யாருமே கூப்பிடவில்லை.

அந்தப் பேரைக் கடைசியாகக் கூப்பிட்டது திருப்பதி ஆஸ்பத்திரியில், அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது. நீ என்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய், உன்னை அலையவிட வேண்டாம் என்று நாங்களே இரண்டு பேரும் பஸ்ஸில் போய்வருவோம். அவர் டிக்கெட் கொடுத்த அதே ரூட். வேறு கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது மனுஷன் கூச்சப்படுவார். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து ஒரு பெண், "ஏசுபாதம்" என்று கூப்பிடும். நான் முதலில் எழுந்து நிற்பேன். அவரால் தானாக எழுந்திருக்க முடியாது. என் தோளில் கையை வைத்து அழுத்தி எழுந்திருப்பார். அது எங்களுக்கு ஒரு முறையாகவே ஆகிவிட்டது. பேர் கேட்கும், நான் எழுவேன், தோளில் கை வரும். ஒரு நாள் பேர் கேட்டது, நான் எழுந்து நின்றேன், கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். உனக்கு நான் சொன்னதெல்லாம் உள்ளே படுக்கையில் போய்விட்டார் என்று. இல்லை, பெஞ்சில்தான். தூங்குகிற மாதிரி இருந்தார். உனக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் நீ பாஸ்போர்ட் எடுக்கப் போனாய். குடும்பப் பேர் என்ன என்று அங்கேயும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரி புத்தலப்பட்டு என்று போட்டுக்கொள்ளலாம், இல்லை அப்பா பேரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்க நைனா பேரே இருக்கட்டும்" என்றாய். இன்றைக்குச் சொல்கிறேன், அன்று உன்னைப் பெற்றதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

வார்சாவுக்குப் போன முதல் குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாயே, அப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வீடியோ போட்டாய். நான் பயப்படக்கூடாது என்று அங்கே இருக்கிற பூந்தொட்டியைக் காட்டினாய், காப்பி மெஷினைக் காட்டினாய். நான் நர்ஸ், எனக்கு வராண்டாவைக் காட்டி ஏமாற்றுகிறாய் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கதவு திறந்தது. ஒரு பெண் குரல், "பான் யெசுபாத்தம்" என்று கூப்பிட்டது. தெளிவாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டது. இங்கே சித்தூரில், நாற்காலியிலிருந்து நான் எழுந்துவிட்டேன். நீ அதைப் பார்க்கவில்லை, போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் நின்றுகொண்டே இருந்தேன். தோள் கனமாகக் காத்துக்கொண்டிருந்தது. யாருடைய கை வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம்தான் உன்னிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், அங்கே ஆபீசில் உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று. வங்கியில், தபாலில், வீட்டுக்காரம்மா எல்லாம் பான் யெசுபாத்தம்தான் என்றாய். பான் என்றால் ஐயா என்றாய். இங்கிலீஷ்காரர்களைப்போல ஜேசு என்று இழுக்காமல் நம்மைப்போல யேசு என்றே சொல்கிறார்கள் என்று சிரித்தாய். நான் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டேன். இங்கே அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லாத நேரத்தில், அவர் கண்ணால் பார்க்காத ஒரு தேசத்தில், கோட்டுப் போட்ட ஜனங்கள் தினமும் அவரை ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பகலில் படுத்துக்கொண்டிருக்கும்போது நினைத்துக்கொள்வேன், இப்போது அங்கே ஆபீஸ் திறந்திருப்பார்கள், யாராவது ஒருவர் அவரைக் கூப்பிட்டிருப்பார் என்று. அதில் எனக்கு ஒரு துணை இருந்தது, சாமு. நீ அந்தப் பேரைக் கழற்றி வைக்கப் போகிறேன் என்றதும் எனக்கு அந்தத் துணைதான் முதலில் போனது.

தனியாக இருக்கிறது. இதைப் போனில் நான் சொன்னதில்லை, சொன்னால் நீ டிக்கெட் போட்டு வந்து நிற்பாய். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்ப தூரம் நடக்க முடியவில்லை. விமானத்தில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று தெரிந்ததும், வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. டி.வி.யை ஓடவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஒரு ஆளுக்குச் சமைத்தால் ருசியே வருவதில்லை. என்னையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரிட்டயர் ஆனதும் சிஸ்டர் போய்விட்டது. நீ போனதும் சாமு அம்மாவும் மெல்லப் போய்விட்டது. இப்போது ஆட்டோக்காரர்களுக்கு நம் வீடு போலந்து வீடு, நான் போலந்து ஆன்ட்டி. இருந்த இடத்தைவிட்டு அசையாத எனக்கும் கடைசியில் ஒரு இண்டி பேரு கிடைத்துவிட்டது, நான் பார்க்கவே முடியாத ஊரின் பேரில்.

இந்த வாரம் நடுவில் ஒரு நாள் சர்ச்சுக்குப் போய்ப் போதகரைப் பார்த்தேன். கல்யாணம் எங்கே நடந்தாலும் விவாக அறிவிப்பை நம் சபையிலும் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். புதிதாக மாற்றலாகி வந்தவர், இளைஞர். "இங்க கல்யாணம் இல்லியேம்மா, வாசிக்கத் தேவையில்லியே" என்றார். "தேவ இல்லாட்டியும் வாசிங்க ஐயா. பையன் இந்தச் சபையில பொறந்து வளந்தவன்" என்றேன். சரி, ஜெபக் குறிப்பாக வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். "மாப்பிள்ளையோட அப்பா பேரு சொல்லுங்கம்மா" என்றார். நான் அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குத் தொண்டை சரியில்லை என்று நினைத்து வெந்நீர் கொடுக்கச் சொன்னார். இன்று காலை ஞாயிறு ஆராதனையில் வாசித்தார். காலஞ்சென்ற ஏசுபாதம் அவர்களின் குமாரன் சாமுவேலுக்கும், போலந்து தேசத்து விஷ்னியெவ்ஸ்கி அவர்களின் குமாரத்தி மாக்தலேனாவுக்கும். அந்தப் பேரில் அவர் நாக்கு சிக்கிக்கொண்டது, பின் வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கக்கூடாது என்று முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உன் நைனாவின் பேருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்ததே, அது யாருடையது? அவருடைய அப்பாவுடையது. அந்தப் பேரை நீ கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டாய். நம் வழக்கத்தில் அப்பா பேர் ஒரு தலைமுறை கூட வரும், அடுத்த தலைமுறையில் இறங்கிக்கொள்ளும். நீ இங்கேயே இருந்து, இங்கேயே கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் உன் பேர்தான் நின்றிருக்கும், அவர் பேர் நின்றிருக்காது. அவர் இறங்க வேண்டிய இடம் எப்படியும் வந்திருக்கும். கண்டக்டருக்கு அது தெரியாதா. நான்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து, இன்னும் கொஞ்ச தூரம் வாங்க, இன்னும் கொஞ்ச தூரம் என்று உன் பாஸ்போர்ட்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அது அன்புதான். ஆனால் அந்தப் பாரத்தை உன் தலைமேல் அல்லவா வைத்திருந்தேன்.

அதனால் என் பதில் இது. எடுத்துக்கொள். மாக்தாவின் பேரை எடுத்துக்கொள். செர்ரி மரம் இருந்த ஊரைப் பார்க்காத குடும்பத்தோடு, புத்தலப்பட்டைப் பாதி மறந்த நீயும் சேர்ந்துகொள். உன் பெரியப்பா ஏதாவது பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். பொண்டாட்டி பேரை வைத்துக்கொள்கிறவனா என்று கேட்பார். பொண்டாட்டிகள் காலங்காலமாக வைத்துக்கொண்டதுதானே, ஒரு தடவை இந்தப் பக்கம் வரட்டும் என்று சொல்லிவிடுவேன். என் முட்டிதான் போயிருக்கிறது, வாய் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன், அம்மாவுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு. கோபத்திலும் பேர் சொல்லு, சமாதானத்திலும் பேர் சொல்லு. உன்னையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லாதே. நான் முப்பது வருஷம் ஒருவரோடு இருந்தேன், அவர் பேர் என் வாயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு சமையலறையில் நின்று சொல்லிப் பார்க்கப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார், என்ன சிஸ்டர், புதுசா கீது என்று சிரித்திருப்பார். இனிமேல் யாருக்காகச் சொல்வது?

ஒன்றே ஒன்று எனக்காகச் செய். கல்யாணத்தன்று அந்தப் பதிவு ஆபீஸ் அம்மாள் உன்னைப் பழைய பேரில் கூப்பிடுவாள் இல்லையா, மாற்றி எழுதுவதற்கு முன்னால், கடைசியாக. அப்போது போனை நிமிர்த்திப் பிடித்துக்கொள். உங்கள் கல்யாண மாலையைக்கூட எனக்குக் காட்ட வேண்டாம், அவள் குரல் கேட்டால் போதும். அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம், நான் சாப்பிடாமல் தயாராக இருப்பேன். அவள் அந்தப் பேரைக் கூப்பிட்டதும் நீ அங்கே எழுந்து நில். நானும் இங்கே எழுந்து நிற்பேன், முட்டி எவ்வளவு கெஞ்சினாலும். அந்தப் பேருக்காக நாம் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் சேர்ந்து நிற்போம். அப்புறம் நீ உட்காரும்போது விஷ்னியெவ்ஸ்கியாக உட்கார். நான் மெதுவாக உட்கார்ந்துகொள்கிறேன்.

நிற்கத் தயாராக இருக்கும்,
உன் அம்மா